மூஸின் பின்கட்டில் ஜாங்கிரி வாசம்

மூளை செல்களைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்க்கும் ஒரு மென்பொருளின் 4.1 பதிப்புக்கு ஜாங்கிரி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆமாம், ஜாங்கிரியேதான்! உளுந்தை அரைத்துப் பூப்போலப் பிழிந்து, பொரித்து, பாகில் ஊறப்போட்டு, தீபாவளிக்கு டப்பா டப்பாவாக வாங்குகிறோமே, அதே. 4.0 பதிப்பின் பெயர் ஜிலேபி. அதற்கு முன்னால் வந்த 3.1, வங்காளத்துச் சம்சம். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், உபிந்தர் பல்லாவின் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த மூஸ் என்ற சிமுலேட்டரின் பதிப்பு வரிசை இது. மென்பொருளின் பெயர் பனிக்காட்டு மான் ஒன்றினுடையது. பதிப்புகளின் பெயர்கள் மட்டும் நம் ஊர் இனிப்புக் கடையிலிருந்து!

இனிப்பைக் காட்டி உங்களை உள்ளே இழுத்தாயிற்று. இனி பின்கட்டுக்குப் போகலாம். எனக்கு நாவூறுவது அங்கேதான். ஆராய்ச்சிக்காகக் கணக்குப் போடும் எந்தப் பெரிய மென்பொருளுக்கும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வி வந்து நிற்கும்: இதைப் பயன்படுத்துகிறவர் இதனோடு எந்த மொழியில் பேசுவார்? உள்ளே ஓடும் இயந்திரம் சி++ ஆக இருக்கலாம், ஃபோர்ட்ரானாக இருக்கலாம். ஆனால் ஓர் உயிரியல் மாணவி தன் மாதிரியைக் கட்டுவதற்கு, எண்களை மாற்றுவதற்கு, மறுபடி ஓட்டுவதற்கு அவள் கைக்கு ஒரு சின்ன மொழி வேண்டும். அதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எதற்காக, பிறகு என்ன ஆகிறது? துப்பறியும் கதைக்கு நிகரான விறுவிறுப்பு இதில் இருக்கிறது. சத்தியமாக!

இதைக் கரியாலூரில் உட்கார்ந்து எழுதுகிறேன். கள்ளக்குறிச்சியில் மூஸை மடிக்கணினியில் இறக்கி நிறுவிக்கொண்டு, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறி வந்தாயிற்று. கல்வராயன் மலையில் செல்போன் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போனால் போகட்டும். இந்தச் சிமுலேட்டருக்கு இணையமே வேண்டாம். மலைக்காற்றில் உட்கார்ந்து நான்கைந்து வரி தட்டினால் திரையில் ஒரு நரம்பு செல் துடிக்கிறது!

முதலில் கணக்கு. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்து, அதில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்பதற்கான சமன்பாடுகளை 1952இல் வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி அந்த நேரம் பார்த்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஹக்ஸ்லி பிரன்ஸ்விகா என்ற கைப்பிடி சுழற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுழற்றிச் சுழற்றி விடை கண்டார். சில மில்லி விநாடி நீளும் துடிப்புக்கு அத்தனை உழைப்பு! இருவருக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே சமன்பாடுகள்தாம் இன்றும் மூஸுக்குள் ஓடுகின்றன. ஒரு நரம்பு செல்லை ஆயிரம் சிறு துண்டுகளாகப் பிரித்ததாக வைத்துக்கொள்வோம். காலத்தையும் 50 மைக்ரோ விநாடிப் படிகளாக நறுக்குவோம். ஒரு விநாடிக்கு 20,000 படிகள். ஆயிரம் துண்டுகளுக்கும் சேர்த்து 2 கோடி முறை மின்னழுத்தத்தைத் திருத்த வேண்டும். இதுவே ஒரே ஒரு செல்லுக்கு, ஒரே ஒரு விநாடிக்கு! ஒவ்வொரு திருத்தத்துக்கும் செல்சுவரில் சோடியம் நுழையும் வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது, பொட்டாசியம் வாசல் எவ்வளவு மூடியிருக்கிறது என்ற உள்கணக்கு வேறு. இதைச் சி++ கண்மூடித் திறப்பதற்குள் முடிக்கும். பைத்தான் போன்ற மொழியில் நேரடியாக ஒவ்வொரு படியையும் லூப் போட்டு எழுதினால் பல பத்து மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே உழைப்புக்கு ஒரு மொழி, பேச்சுக்கு ஒரு மொழி. இரண்டு மொழி வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

சரி, பேச்சுக்கு எது?

1980களில் இதற்கு ஏறக்குறைய எல்லோரும் சொன்ன பதில்: நாமே ஒன்றைச் செய்துகொள்வோம். அமெரிக்காவின் கால்டெக்கில் ஜேம்ஸ் பவரின் ஆய்வகத்தில் ஜெனிசிஸ் என்ற நரம்புச் சிமுலேட்டர் உருவானது. அதற்கென்றே ஒரு சொந்த ஸ்கிரிப்ட் மொழி. அதை எழுதியவர்களில் ஒருவர், அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த உபிந்தர் பல்லா! அமெரிக்காவின் மறுகோடியில், டியூக் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹைன்ஸ் நியூரான் என்ற சிமுலேட்டரைக் கட்டினார். அவர் ஹாக் என்ற மொழியை எடுத்துக்கொண்டார். பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் 1984இல் எழுதிய யூனிக்ஸ் புத்தகத்தில், ஒரு மொழியை எப்படி வடிவமைப்பது என்று வாசகருக்குக் காட்டுவதற்காகச் செய்த கால்குலேட்டர் மொழி அது. பாடப் பயிற்சிக்குச் செய்த மொழி உலகமெங்கும் மூளை ஆராய்ச்சிக்கூடங்களில் குடியேறிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. பின்னால் வந்த ஐரோப்பாவின் நெஸ்ட் சிமுலேட்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட் பாணியில், எண்ணை முதலில் எழுதி கட்டளையைக் கடைசியில் எழுதும் ஒரு மொழியை வைத்துக்கொண்டது.

விளைவு என்ன? மூன்று சிமுலேட்டர், மூன்று மொழி, மூன்று தீவு. ஜெனிசிஸில் ஆறு மாதம் பழகியவர் நியூரானுக்குப் போனால் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். கோப்பு வாசிப்பதா, வரைபடம் போடுவதா, புள்ளியியல் சோதனையா, ஒவ்வொன்றையும் அந்தந்தக் குழு தானே எழுதிச் சேர்க்க வேண்டும். மொழியைப் பராமரிப்பதே ஒரு முழுநேர வேலை. நரம்பியல் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் அங்கே, எழுதிய கட்டளையைப் பிரித்துப் படிக்கும் பார்சரில் பிழை தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது. அவ்வளவு அறிவும் அவ்வளவு இரவுகளும்!

வெளிச்சந்தையில் தயார்நிலையில் மொழிகள் இல்லாமல் இல்லை. பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் டிக்கிள் என்ற மொழியை 1988இல் தொடங்கினார். பிற மென்பொருள்களுக்குள் பொதிந்து வைப்பதற்காகவே பிறந்த மொழி அது. புரத மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டும் வி.எம்.டி., நிலநடுக்கத்தில் கட்டடம் எப்படி ஆடும் என்று கணக்கிடும் ஓப்பன்சீஸ் இரண்டும் அதையே தங்களுக்குள் வைத்துக்கொண்டன. ஸ்கீம் மொழியின் வழிவந்த கைல் இன்னொன்று. எம்.ஐ.டி.யில் பிறந்த மீப் என்ற ஒளியியல் மென்பொருள் முதலில் அதில்தான் பேசியது.

லுவாவின் கதை இன்னும் அழகு. பிரேசில் நாடு வெகுகாலம் கணினிப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு வைத்திருந்தது. வெளியிலிருந்து வாங்க வழியில்லாத அந்தப் பழக்கம் ஊறிப்போன சூழலில், ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் (ரொபெர்டோ இயருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ்) பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்களுக்காக 1993இல் அதைச் செய்தார்கள். மொத்த இன்டர்ப்ரெட்டரும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். சி நிரலுக்குள் வைக்க இதைவிடக் கச்சிதமான மொழியை நான் பார்த்ததில்லை. பொதிந்து வைக்க எது சிறந்த மொழி என்று மட்டும் கேட்டால் லுவாதான் ஜெயிக்க வேண்டும். சின்னது, வேகமானது, சுத்தமானது. நிறைய ஆராய்ச்சிக் குழுக்கள் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளவும் செய்தன. செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் பயன்படுத்திய டார்ச் என்ற மென்பொருள் லுவாவில்தான் பேசியது. பிறகு 2017இல் அதன் வாரிசாகப் பைடார்ச் வந்தது, பைத்தானில்! சில ஆண்டுகளுக்குள் உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது.

லுவாவில் குறை ஒன்றும் இல்லை. கேள்வி மாறிவிட்டது, அவ்வளவுதான். என் மென்பொருளுக்குள் எந்த மொழியை வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், எந்த மொழிக்குள் போய் என் மென்பொருள் உட்காருவது என்று கேட்கத் தொடங்கினார்கள். மலைத்தேனை வீட்டு வாசலிலேயே வைத்து வருகிறவருக்கு மட்டும் விற்கலாம், அல்லது சந்தைக்குக் கொண்டுபோய் நூறு கடைகளுக்கு நடுவே நாமும் ஒரு கடை விரிக்கலாம். மூஸ் சந்தைக்குப் போனது.

பல்லா இந்தியா திரும்பியபின் ஜெனிசிஸின் அடுத்த தலைமுறையாக மூஸை அடித்தளத்திலிருந்து சி++இல் எழுதினார்கள். பழைய ஜெனிசிஸ் ஸ்கிரிப்ட்களும் ஓட வேண்டும் என்று அந்த மொழியின் பார்சரையும் கூடவே வைத்திருந்தார்கள். பழைய பயனர்களைக் கைவிடாத அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே பைத்தானையும் கொண்டுவந்தார்கள். 2008இல் சுபாசிஸ் ரேயும் பல்லாவும் பைமூஸ் என்ற கட்டுரையை வெளியிட்டார்கள்.

அந்தக் கட்டுரையின் உள்ளே ஒரு வாணவேடிக்கை இருக்கிறது. முதலில், சிமுலேஷன் ஓடும்போதே அதன் விடைகளைப் பைத்தானின் எண்கணித லைப்ரரிகளால் அலசிக் காட்டுகிறார்கள். பிறகு க்யூட்டி என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு ஜன்னலும் பொத்தானும் வைத்த முகப்பு ஒன்று. மூன்றாவதுதான் உச்சம். மின்துடிப்பும் வேதிச் சமிக்ஞையும் கலந்த ஒரே மாதிரியை எடுத்து, நியூரான் சிமுலேட்டரின் கணக்கு இயந்திரத்தையும் மூஸின் இயந்திரத்தையும் சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள்! நடுவில் பாலம் பைத்தான். முன்பு தனித்தனித் தீவுகளாக இருந்தவை ஒரே நிரலுக்குள் எண்களைக் கைமாற்றிக்கொள்கின்றன. நியூரான்காரர்களும் நெஸ்ட்காரர்களும் அதே காலகட்டத்தில் பைத்தானுக்குக் கதவு திறந்திருந்ததால்தான் இது நடந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. ஆளாளுக்குத் தம் கூட்டை விட்டு வெளியே வந்தபோது எல்லோரும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள்.

இப்போது இன்னும் உள்ளே. சி++இல் எழுதிய வகுப்பு எப்படிப் பைத்தானின் கண்ணுக்குப் பைத்தான் பொருளாகவே தெரிகிறது? இடையில் ஒரு மெல்லிய உறை இருக்கிறது. பைத்தானிலிருந்து வரும் எண்ணைச் சி++ எண்ணாக மாற்றி உள்ளே அனுப்ப வேண்டும், விடையைத் திரும்ப மாற்றி வெளியே கொடுக்க வேண்டும், எந்தப் பொருளை யார் அழிப்பது என்று கணக்கு வைக்க வேண்டும். மூஸ் இந்த உறையை மூன்று விதமாகச் செய்து பார்த்திருக்கிறது. முதலில் ஸ்விக். 1990களின் நடுவில், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் மூலக்கூறு இயக்க மென்பொருளை ஸ்கிரிப்ட் மொழியிலிருந்து ஓட்டுவதற்காக டேவிட் பீஸ்லி செய்த கருவி அது. தலைப்புக் கோப்பைக் கொடுத்தால் உறையைத் தானே எழுதித் தரும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அது எழுதித் தரும் உறை பருமனானது, உள்ளே கைவைத்துத் திருத்துவது கடினம். அதனால் அடுத்து, பைத்தானின் சி இடைமுகத்தை நேரடியாகப் பிடித்துக் கையாலேயே நெய்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை பேர் கைநீட்டிப் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே எழுத வேண்டிய வேலை. ஓர் எண்ணிக்கை தவறினால் நினைவகம் ஒழுகும், அல்லது நிரல் பொத்தென்று விழும். அப்புறம் பைபைண்ட்11 என்ற கருவி வந்தது. நவீன சி++இன் வசதிகளை வைத்தே உறையைச் சுருக்கமாக எழுதிவிடலாம். மூன்று உறைகளிலும் உள்ளே இருக்கும் சமன்பாடுகள் ஹாட்ஜ்கின் காலத்தவை. வெளியே இருக்கும் மாணவி கவனிக்க வேண்டியது ஒன்றுமில்லை.

அவள் பார்ப்பது இதுதான். மாதிரி முழுவதும் கோப்புறைகளைப் போல அடுக்கியிருக்கிறது: மாதிரி என்றொரு வேர், அதன்கீழ் செல், அதன்கீழ் செல்லுடல், அதன்கீழ் சோடியம் வாசல். வழியைச் சொன்னால் பொருள் கைக்கு வருகிறது. மின்தடை இவ்வளவு, மின்தேக்குதிறன் இவ்வளவு என்று எழுதுகிறாள். மின்னோட்டம் தரும் துடிப்புப் பொறியைச் செல்லுடலோடு இணைக்கச் சொல்கிறாள், மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ள ஓர் அட்டவணையை மாட்டுகிறாள். பிறகு இரண்டே கட்டளைகள்: தொடக்க நிலைக்குப் போ, இத்தனை விநாடி ஓடு.

அந்தக் கடைசிக் கட்டளையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓடு என்று சொன்ன கணத்தில் பைத்தான் ஒதுங்கி நின்றுவிடுகிறது. 20,000 படிகளும் சி++ பக்கமே நடந்து முடிகின்றன. எல்லை தாண்டுவது ஒரே ஒரு முறை. விடைகளும் எண்ணெண்ணாகக் கேட்டு வாங்கப்படாமல் மொத்தமாக, பைத்தானின் எண்கணித லைப்ரரியான நம்பையின் ஓர் அணிவரிசையாக வந்து சேர்கின்றன. ஸ்கிரிப்ட் மொழி மெதுவானது, அதைப் பொதித்தால் மென்பொருளும் மெதுவாகும் என்று பயப்படுகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: எல்லையை எத்தனை முறை தாண்டுகிறீர்கள்? மொழியின் வேகத்தைவிட எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பது பல மடங்கு முக்கியம். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இதே நாடகம் வானியலிலும் நடந்தது, அதில் நம் ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. உதகையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்பின் குழுதான், பிறகு புனே அருகே கோடத்தில் 45 மீட்டர் அகல ஆண்டெனாக்கள் முப்பதை நிறுவி ஜி.எம்.ஆர்.டி. என்ற ரேடியோ தொலைநோக்கியை எழுப்பியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து போன்ற நாடுகளின் ரேடியோ வானியலாளர்கள் சேர்ந்து ஏப்ஸ்++ என்ற மென்பொருளைக் கட்டத் தொடங்கியபோது, அந்தக் கூட்டமைப்பில் ஜி.எம்.ஆர்.டி. தரப்பும் இருந்தது. உள்ளே சி++. பேசும் மொழியாக அவர்கள் எடுத்தது கிளிஷ். அமெரிக்காவில் கட்டவிருந்த மாபெரும் துகள் மோதல் பொறிக்காக வெர்ன் பாக்ஸன் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் செய்த மொழி. நிகழ்வுகளை அனுப்பி, பெற்று, பல நிரல்களை ஒருங்கே ஓடவைக்கும் நயமான வடிவமைப்பு. ஆனால் 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த மோதல் பொறித் திட்டத்தையே ரத்து செய்துவிட்டது! மொழி பிறந்த வீடு காணாமல் போனபின், அதன் முழுப் பாரமும் வானியலாளர்கள் தோளில். ஏப்ஸ்++ பிறகு காசா என்று மறுபிறவி எடுத்தபோது கிளிஷை இறக்கி வைத்துவிட்டுப் பைத்தானுக்கு வந்தார்கள்.

முதலில் காசா தனக்குள்ளேயே ஒரு பைத்தானைப் பூட்டி வைத்திருந்தது. உங்கள் கணினியில் இருக்கும் பைத்தான் வேறு, காசாவுக்குள் இருக்கும் பைத்தான் வேறு, ஒன்றில் நிறுவியது மற்றொன்றுக்குத் தெரியாது. ஆறாம் பதிப்பில்தான் பூட்டைக் கழற்றினார்கள். இப்போது காசாவின் கருவிகளைச் சாதாரண பைத்தான் பொதிகளாகவே நிறுவலாம். மூஸ் போன சந்தைக்கே வந்து சேர்ந்துவிட்டது! மேம்படுத்தப்பட்ட ஜி.எம்.ஆர்.டி.யின் தரவிலிருந்து வான்படம் எடுப்பதற்கு ருதா காலேயும் ஈஸ்வர சந்திராவும் உருவாக்கி 2021இல் கட்டுரையாக வெளியிட்ட கேப்சர் என்ற நிரல் தொடர், காசாவைப் பைத்தானில் ஓட்டுவதுதான்.

கல்வராயன் மலையிலிருந்து எனக்குக் கூடுதல் குதூகலம் தரும் சங்கதி ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் கணினி அறிவியல் புத்தகத்தைப் புரட்டுங்கள். பதினோராம் வகுப்பில் சி++. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். மூஸின் உள்ளும் புறமும் அப்படியே! அது போதாதென்று பன்னிரண்டாம் வகுப்பின் 14ஆம் பாடம், சி++ நிரலைப் பைத்தானுக்குள் கொண்டுவருவது பற்றியது. ஸ்கிரிப்ட் மொழி என்றால் என்ன என்று அங்கே விளக்கம் இருக்கிறது, எடுத்துக்காட்டுப் பட்டியலில் டிக்கிள் பெயரும் வருகிறது. இரண்டு மொழிகளை இணைக்கும் இடைமுகங்களின் பட்டியலில் பைத்தானின் சி இடைமுகமும் ஸ்விக்கும் இருக்கின்றன. பெங்களூரு ஆய்வுக்கூடம் பல ஆண்டுகள் உழைத்துத் தேடிய பாதையின் வரைபடம், கள்ளக்குறிச்சி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் புத்தகப் பையில் ஏற்கெனவே இருக்கிறது! ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் அதை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே என்று எனக்குத் தவிப்பாக இருக்கிறது. 16ஆம் பாடம் மேட்பிளாட்லிப் வைத்து வரைபடம் போடுவது. இதற்கு மேல் ஒன்றும் தேவையே இல்லை.

அந்தப் பாடங்களை முடித்தவர்கள், லினக்ஸ் உள்ள ஒரு கணினியில் மூஸை நிறுவிக்கொண்டு இப்படித் தொடங்கலாம். கணவாய் மீன் நரம்பிழையின் மாதிரியை ஏற்றுங்கள். அதற்குச் செலுத்தும் மின்னோட்டத்தைச் சுழியத்திலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டும் ஒரு ஃபார் லூப் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் தொடக்க நிலைக்குப் போகச் சொல்லி, அரை விநாடி ஓடச் சொல்லி, எத்தனை துடிப்பு வந்தது என்று எண்ணி, மின்னோட்டத்துக்கு எதிரே புள்ளி வையுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காது. ஓர் அளவைத் தாண்டியதும் செல் சட்டென்று விழித்துக்கொண்டு படபடவென்று துடிக்கும்! அதன்பின் அதே மாதிரியை, 50 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, மின்னழுத்தத்தைப் பைத்தானில் கேட்டு வாங்கி, மறுபடி ஓடச் சொல்லி இன்னொரு நிரல் எழுதுங்கள். இரண்டுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று பைத்தானின் டைம் மாட்யூலை வைத்து அளந்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.